யாருடைய ரகசியம், கயல்?

மரக்காணம்
பங்குனி 8

அன்புள்ள கயலுக்கு,

அத்தை எழுதுவது. உன் மாமாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. விடியற்காலையிலேயே அளத்துக்குப் போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறார். இந்த வருஷம் உப்பு நன்றாக இறங்குகிறது, நிறமும் பரவாயில்லை. விலைதான் இன்னும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

உங்கள் குழு கட்டும் வங்கி வலையைப் பற்றி நீ அனுப்பிய கோப்பைப் படித்துவிட்டேன். "எப்படி இருக்கு அத்தை?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய். கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்திருக்கலாம். ஆனால் வங்கியிலேயே தலை நரைத்தவளிடம் 'வாடிக்கையாளர் தகவல் ரகசியம்' என்று தலைப்பிட்ட காகிதத்தை அனுப்பினால் அவள் அவ்வளவு சுலபத்தில் விடமாட்டாள். ஃபோனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

வங்கிகள் மட்டும் சேர்ந்த தனியார் பிளாக்செயின் இது, அனுமதி உள்ளவர்களே உள்ளே வரமுடியும், ஆகவே வாடிக்கையாளரின் தகவல் பத்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது அவற்றிலிருந்து தானாக வந்துவிடாது. ஏன் என்பதை எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். கணினி விஷயத்தில் எங்காவது சறுக்கினால் நீ திருத்து.

முதலில் ரகசியம் என்றால் எங்கள் தொழிலில் என்ன என்று பார். வேலையில் சேரும்போது நாங்கள் எல்லோரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். வங்கிகளை நாட்டுடைமையாக்கிய 1970-ஆம் வருஷச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அதைக் கட்டாயமாக்குகிறது. மானேஜரிலிருந்து கடைநிலை ஊழியர் வரை, வாடிக்கையாளரின் விவகாரத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் நாற்காலி. சட்டமோ வங்கித் தொழிலின் வழக்கமோ சொல்லச் சொன்னால் தவிர, வாய் திறக்கக் கூடாது.

பயிற்சி வகுப்பில் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைச் சொல்லிக் கொடுப்பார்கள். 1924-ஆம் வருஷச் சட்ட அறிக்கைகளில் வந்த டூர்னியர் வழக்கு. வங்கியில் கடன் பாக்கி வைத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் விலாசத்தைத் தேடி, மானேஜர் அவர் வேலை செய்யும் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். பேச்சுவாக்கில் கணக்கு ஓவர்டிராஃப்டில் இருப்பதையும், காசோலை பந்தயக்காரரிடம் போனதையும் சொல்லிவிட்டார். அந்த மனிதருக்கு வேலை போயிற்று. வாடிக்கையாளரின் விஷயத்தைக் காப்பது வங்கியின் கடமை, அது ஒப்பந்தத்திலேயே அடங்கியது என்று நீதிமன்றம் சொன்னது. விதிவிலக்கு நான்கே நான்கு: சட்டம் கட்டாயப்படுத்தினால், பொதுக்கடமை இருந்தால், வங்கியின் சொந்த நலனுக்கு அவசியமானால், வாடிக்கையாளரே சம்மதித்தால். நம் நாட்டிலும் இன்றுவரை இந்த நான்கைச் சுற்றித்தான் பேச்சு.

அந்த வழக்கில் திருட்டு இல்லை, போலிக் கையெழுத்து இல்லை. சொன்னதெல்லாம் உண்மை. உண்மை போகக் கூடாத காதுக்குப் போனது, அவ்வளவுதான். அந்த மானேஜர் வங்கிக்கு வெளியாளும் இல்லை, அனுமதி பெற்று உள்ளே உட்கார்ந்திருந்தவர். இதை மனதில் வைத்துக்கொள்.

நம் ஊரில் இது எப்படிக் கடிக்கும் தெரியுமா? உப்பளக்காரருக்கு வருஷத்தில் கையில் காசு புழங்கும் மாதங்கள் கொஞ்சம்தான். தை மாசியில் தொடங்கி வாரி வாரிக் கரையில் அம்பாரம் போடுகிறார்கள். ஐப்பசி மழை வந்தால் அளம் மூடிக்கொள்ளும். அம்பாரத்தை மூடிப் பாதுகாத்து மழைக்காலத்தில் விற்றால் நல்ல விலை. ஆனால் அதுவரை கூலி, வீட்டுச் செலவு, கடன் தவணை எல்லாம் காத்திருக்குமா? யாரால் பொறுத்திருக்க முடியும், யாரால் முடியாது என்பதுதான் இங்கே விலையைத் தீர்மானிக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு கிளையில் ஒருவருடைய ஓ.டி. லிமிட் முட்டிவிட்டது, மாத முடிவுக்குள் கட்டியாக வேண்டும் என்ற செய்தி எப்படியோ வியாபாரியின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் வியாபாரி லாரியோடு வந்து மூட்டைக்குச் சொன்ன விலை, முந்தின வாரம் சொன்னதைவிடக் குறைவு. அந்த மனிதர் பேரமே பேசவில்லை, ஏற்றிவிட்டார். அவருக்கு நஷ்டம் உப்பில் வந்ததில்லை, தன் நிலைமை அடுத்தவருக்குத் தெரிந்ததில் வந்தது.

ஆகவே கணக்கு ரகசியம் என்பது மானப் பிரச்சினை மட்டுமில்லை. அது பேரம் பேசும் பலம். சின்ன ஆளுக்கு இருக்கும் ஒரே பலம் அதுவாகவும் இருக்கலாம்.

இப்போது மறுபக்கம். வங்கிகள் ஒன்றோடொன்று பேசாமலே இருந்தால் என்ன ஆகும் என்றும் நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் சரக்கு அனுப்பிய பில்லைக் கொண்டுவந்து டிஸ்கவுண்ட் செய்து பணம் வாங்குகிறார். அதே பில்லின் நகலோடு அடுத்த தெரு வங்கிக்கும் போகிறார். இருவரும் அவரவர் பேரேட்டில் ஒழுங்காக எழுதிவைக்கிறோம். இரண்டும் சரியான பதிவு, சேர்த்துப் பார்த்தால் மோசடி. சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெரிய அளவில் நடந்ததை நீயே செய்தியில் பார்த்திருப்பாய். 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தில், மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து ஸ்விஃப்ட் என்ற வங்கிச் செய்தி வலை வழியாக உத்தரவாதச் செய்திகள் போய்க்கொண்டே இருந்தன. அதை நம்பி மற்ற வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் பணம் கொடுத்தன. அனுப்பிய வங்கியின் சொந்தக் கணக்கு மென்பொருளிலோ அந்தப் பதிவே இல்லை. இரண்டும் இணைக்கப்படவில்லை. முதலில் சொன்ன தொகையே சுமார் 11,400 கோடி ரூபாய். 2020-இல் சிங்கப்பூரில் ஹின் லியோங் என்ற எண்ணெய் வணிக நிறுவனம் விழுந்தபோதும் இதே கதைதான்: ஒரே சரக்கைக் காட்டிப் பல வங்கிகளிடம் கடன்.

அதனால் எல்லோரும் பார்க்கும்படி ஒரு பொதுப் பேரேடு, அதாவது பிளாக்செயின், வேண்டும் என்ற ஆசை நியாயமானது. நம் நாட்டில் இதற்குத் தொடக்கமும் சின்னதில்லை. 2016 அக்டோபரில் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியும் துபாயின் எமிரேட்ஸ் என்.பி.டி.யும் பிளாக்செயினில் ஒரு வணிகப் பரிவர்த்தனையைச் செய்து காட்டின. ரிசர்வ் வங்கி நிறுவிய ஹைதராபாத் ஐ.டி.ஆர்.பி.டி. அடுத்த ஜனவரியில் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கையே போட்டது. 2021-இல் 15 வங்கிகள் சேர்ந்து 'இந்தியன் பாங்க்ஸ் பிளாக்செயின் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கம்பெனி' என்று தனி நிறுவனமே தொடங்கின. நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் அதில் உண்டு. உள்நாட்டு எல்.சி. என்ற கடன் உறுதிக் கடிதத்தில் தொடங்கி, ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், இ-வே பில் ஆகியவற்றையும் சேர்த்துச் சரிபார்ப்பது நோக்கம்.

எனக்கு இவற்றில் பிடித்தது இன்னொன்று. சிறு தொழில்காரர்களின் பில்லுக்கு ஏல முறையில் பணம் கிடைக்க ரிசர்வ் வங்கி 'டிரெட்ஸ்' என்று ஓர் ஏற்பாடு செய்தது உனக்குத் தெரியும். 2017-இல் மூன்று தளங்கள் அடுத்தடுத்து வந்தன: சிட்பியும் தேசியப் பங்குச் சந்தையும் சேர்ந்த ஆர்.எக்ஸ்.ஐ.எல்., ஆக்சிஸ் வங்கி தரப்பின் இன்வாய்ஸ்மார்ட், மைண்ட் சொல்யூஷன்ஸின் எம்1எக்ஸ்சேஞ்ச். மூன்றும் போட்டியாளர்கள். ஒருவரிடம் வந்த பில் இன்னொருவரிடமும் வந்திருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும், ஆனால் தன் வாடிக்கையாளர் யார், எவ்வளவு வியாபாரம் என்பது அடுத்தவருக்குத் தெரியக் கூடாது. 2018-இல் மோனெட்டாகோ என்ற நிறுவனம் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருளின் மேல் கட்டிய வலையில் மூன்றும் சேர்ந்தன. பில்லைப் பகிர்வதில்லை. பில்லின் விவரங்களை ஹேஷ் செய்து, அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீடாக்கி, அந்த ரேகையை மட்டும் பகிர்வார்கள். அதே ரேகை ஏற்கெனவே இருந்தால் மணி அடிக்கும். 'இந்தப் பில்லுக்குப் பணம் கொடுத்தாயிற்றா?' என்ற ஒரே கேள்விக்கு ஆம், இல்லை என்ற ஒரே பதில். கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாத கிளார்க்கை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் உன் கோப்பு அவசரப்படுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பிட்காயின் மாதிரிப் பொது வலையில் யாரும் சேரலாம், எல்லாப் பதிவையும் எல்லோரும் பார்க்கலாம். வங்கிக்கு அது ஆகாது. அனுமதி வலையில் உறுப்பினர் யார் என்று முன்பே தெரியும். ஆனால் வலைக்குள் வந்தவர்கள் எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்தால், வாடிக்கையாளரின் நிலைமை தெருவுக்குப் போகாமல் போட்டி வங்கிகளுக்குப் போகும். டூர்னியர் வழக்கின் மானேஜரை நினைத்துக்கொள். அதனால் ஃபேப்ரிக்கில் 'சேனல்' வைத்தார்கள். அந்தச் சேனலில் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு தனிப் பேரேடு. அதற்குள்ளும் இரண்டு பேருக்கு மட்டும் உரியதை மறைக்க 2018-இல் 'ப்ரைவேட் டேட்டா' வசதி வந்தது. உரியவர்களின் கணினியில் தகவல் இருக்கும், மற்ற உறுப்பினர்களிடம் அதன் ரேகை மட்டும். ஆர்3 கூட்டமைப்பின் கார்டா என்ற இன்னொரு மென்பொருளில் எல்லோருக்கும் பொதுவான பதிவே கிடையாது. சம்பந்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான் பரிவர்த்தனை போகும். ஆனால் ஒரு சொத்து கை மாறி வந்தால், வாங்குகிறவர் அதன் முந்தைய வரலாற்றைச் சரிபார்க்க வேண்டியிருப்பதால் பழையவர்களின் விவகாரமும் கூடவே வந்துவிடும்.

இதெல்லாம் புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். எனக்கு இருக்கும் சந்தேகங்கள் வேறு.

முதலாவது, ரேகை. ஹேஷைத் திருப்பிப் போட்டு பில்லைக் கண்டுபிடிக்க முடியாது என்று எழுதியிருக்கிறாய். உண்மை. ஆனால் திருப்பிப் போட வேண்டிய அவசியமே இல்லையே? ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து, வலைத்தளத்தில் யாரும் தேடலாம். பில் எண் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக ஓடும். தேதி வருஷத்துக்கு 365. தொகை, சரக்கு தெரிந்தவருக்கு ஒரு வரம்புக்குள். வலைக்குள் இருக்கும் ஒரு போட்டியாளர், இந்தச் சேர்க்கைகளை ஒவ்வொன்றாக ஹேஷ் செய்து தன்னிடம் இருக்கும் ரேகையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். கணினிக்கு இது பெரிய வேலையா என்று நீயே சொல். இதைத் தடுக்க ஹேஷ் போடுமுன் ஒரு ரகசியச் சாவியைச் சேர்க்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வங்கியும் தனித்தனிச் சாவி போட்டால் ஒரே பில்லுக்கு வேறு வேறு ரேகை வந்து, இரட்டைக் கடன் பிடிபடாது. எல்லோருக்கும் ஒரே சாவி என்றால் எல்லோராலும் ஊகிக்க முடியும். அப்படியானால் சாவி யாரோ ஒருவரிடம் இருக்க வேண்டும். நடுவில் யாரையும் நம்ப வேண்டாம் என்றுதான் பிளாக்செயினே வந்தது. கடைசியில் சாவிக்காரர் ஒருவரை நம்பித்தான் நிற்கிறோம். நம்பலாம், தப்பில்லை. அவர் யார், அவரை யார் தணிக்கை செய்கிறார் என்பது உன் கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

ரேகையிலேயே இன்னொரு வில்லங்கம். ஓர் எழுத்து மாறினால் ரேகை முழுக்க மாறும். '7' என்பதை '007' என்று அடித்தால் கணினிக்கு அது வேறு பில். ஏமாற்ற நினைப்பவர் அதைத்தான் செய்வார். மறுபுறம், வருஷா வருஷம் பில் புத்தகத்தை ஒன்றிலிருந்து தொடங்கும் நம்ம ஊர் ஆள், நிதியாண்டைச் சேர்க்காமல் ரேகை எடுத்தால், போன வருஷப் பில்லோடு மோதி மோசடிக்காரர் பட்டியலில் உட்காருவார். பதிவு மாறாது, அழியாது என்று பெருமையாக எழுதுகிறீர்களே, தப்பான பதிவும் அப்படித்தான் நிற்கும்.

இரண்டாவது, உள்ளடக்கத்தை மறைத்தாலும் நடமாட்டம் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் வியாபாரி எந்த அம்பாரத்தையும் திறந்து பார்ப்பதில்லை. எல்லாம் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடித்தான் கிடக்கும். ஆனாலும் யாருடைய அம்பாரம் எவ்வளவு நாளாகக் கரையாமல் நிற்கிறது, யாருடையது அவசரமாகக் கரைகிறது என்று காரை நிறுத்தாமலே சொல்லிவிடுவார். உங்கள் வலையும் அப்படித்தான். எந்த இரண்டு வங்கிகளுக்கு ஒரு தனிச் சேனல் இருக்கிறது, திடீரென்று ஒரு வாரத்தில் எத்தனை ரேகை ஏறியது, ஒரே பில்லைப் பற்றி எத்தனை பேர் விசாரித்தார்கள் என்பது வலையை நடத்துபவருக்கோ உள்ளிருப்பவர்களுக்கோ தெரியலாம். ஒருவருடைய பில்லை மூன்று வங்கிகள் விசாரித்துவிட்டுப் பணம் கொடுக்கவில்லை என்று தெரிந்தால் நாலாவது வங்கி என்ன நினைக்கும்? யாரும் ஒரு வார்த்தை பேசாமலே அவர் பெயர் கெட்டுப்போகும்.

மூன்றாவது, காலம். டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. தன் தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை தனிநபருக்கு உண்டு என்கிறது சட்டம். கம்பெனியின் தகவலுக்கு இது பொருந்தாது. ஆனால் நம் உப்பளக்காரர் கம்பெனி இல்லையே, அவர் பெயரே கடையின் பெயர். அவருடைய செல்ஃபோன் எண், பான் எண் எல்லாம் தனிநபர் தகவல்தான். அழியாத பேரேட்டில் அதை எழுதிவிட்டு, பிறகு எப்படி அழிப்பீர்கள்? விவரத்தை வெளியே வைத்து ரேகையை மட்டும் பேரேட்டில் ஏற்றுவதே சரியான வழி. ஃபேப்ரிக்கில் ப்ரைவேட் டேட்டாவைக் காலக்கெடு வைத்து அழிக்க முடியும் என்றும் படித்தேன். ஆனால் கோப்பில் காலக்கெடு எதுவும் இல்லை.

காலத்தோடு சேர்ந்த இன்னொரு கேள்வியும் உண்டு. ஐரோப்பிய வங்கிகள் சேர்ந்து நடத்திய வீ.டிரேட் என்ற வலை 2022-இல் மூடியது. மெர்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் நடத்திய டிரேட்லென்ஸை நிறுத்துவதாக அதே வருஷ முடிவில் அறிவித்தார்கள். மார்க்கோ போலோ என்ற வலை 2023 தொடக்கத்தில் திவாலானது, அந்த வருஷம் முடிவதற்குள் கான்டூர் என்ற வலையும் கதவைச் சாத்தியது. தொழில்நுட்பம் தோற்றதைவிட, போதுமான பேர் சேராததும் வருமானம் வராததும்தான் பெரிய காரணம். நான் கேட்பது வேறு. வலை மூடினாலும் ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு நகல் இருக்கிறது. கிளை மூடினால் பேரேட்டை எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை வருஷம் வைக்க வேண்டும் என்று எங்களுக்கு விதி இருந்தது. கூட்டாக நடத்தும் வலை கலைந்தால் அந்த நகல்களுக்கு யார் பொறுப்பு?

இதுவரை சொன்னதெல்லாம் உன் குழுவில் யாராவது ஏற்கெனவே யோசித்திருக்கலாம். இனிமேல் சொல்லப்போவது அப்படி இருக்காது என்று நினைக்கிறேன். ஏனென்றால் அது சென்னையிலிருந்து பார்த்தால் தெரியாது.

உங்கள் வலை எதைச் சாட்சியாக வைத்துப் பில்லைச் சரிபார்க்கிறது? ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், இ-வே பில். உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கயல். வரிவிலக்குப் பட்டியலில் இருக்கிறது. உப்பு மட்டுமே விற்பவர் ஜி.எஸ்.டி. பதிவே எடுக்கத் தேவையில்லை. லாரியில் ஏற்ற இ-வே பில்லும் வேண்டாம். இந்த விலக்கு நல்லதுதான், உப்புக்கு வரி போட்டவர்களை இந்த நாடு என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் விளைவைப் பார். உன் மாமா பத்து லோடு ஏற்றினாலும் அரசாங்கக் கணினியில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. கையில் இருப்பது பில் புத்தகத்தின் அடிக்கட்டையும், எடைமேடைச் சீட்டும், டிரைவரின் கையெழுத்தும்தான். பொதுப் பேரேடு எல்லா வங்கிக்கும் பழக்கமாகிவிட்ட பிறகு, வலையில் சரிபார்க்க முடியாத பில்லோடு வருகிறவரைப் பார்த்து கிளை மானேஜர் என்ன சொல்வார்? "சிஸ்டம் எடுக்கலைங்க" என்பார். அதற்குமேல் அவரிடம் பேச ஒன்றும் இருக்காது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது நீ ஃபோன் போட்டு ஃபோன் போட்டு அழுதாயே, அப்போது அளமெல்லாம் ஒரே வெள்ளம். வரப்பு கரைந்து, கரையில் கிடந்த உப்பும் கரைந்து போனது. அந்தச் சமயத்தில் இங்கே பலர் போய் நின்றது வங்கி வாசலில் இல்லை, வியாபாரியின் வாசலில். முன்பணம் கொடுப்பவர் அடுத்த வருஷ விலையையும் சேர்த்தே பேசி முடித்துவிடுவார். வங்கியின் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது ஒருவகை ரகசியம்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதே. வியாபாரிக்கு எல்லாம் தெரியும், வங்கிக்கு ஒன்றும் தெரியாது. நான் முதலில் சொன்ன பேரபலம், இப்படி இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகிறது.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். நீங்கள் கட்டும் வலை, ஒரு வங்கியின் ரகசியத்தை இன்னொரு வங்கியிடமிருந்து காப்பதில் நன்றாக யோசித்திருக்கிறது. வாடிக்கையாளரின் ரகசியம் அதற்குள் தானாக அடங்கிவிடும் என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். இரண்டும் ஒன்றில்லை. வங்கிக்கு மறைக்க வேண்டியது தன் வியாபாரத்தின் அளவு. வாடிக்கையாளருக்கு மறைக்க வேண்டியது தன் அவசரம். பழைய முறையில் கிளையில் நாங்கள் தப்பு செய்தால், நான் சொன்ன அந்த உப்பளக்காரர் வந்து மேசையைத் தட்டிக் கேட்க ஒரு முகமாவது இருந்தது. உங்கள் வலையில் வங்கிக்கு இடம் இருக்கிறது, தளத்துக்கு இடம் இருக்கிறது, தொழில்நுட்பக் கம்பெனிக்கு இடம் இருக்கிறது. யாருடைய பில் அதுவோ அவருக்கு நோடு, அதாவது வலையில் தனக்கென ஒரு கணினி, கிடையாது, பார்க்கவும் வழி கிடையாது. தன் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்களுக்கு 2005-இல் சட்டம் வந்தபோது, தன் அறிக்கையைக் கேட்டு வாங்கவும் தப்பிருந்தால் திருத்தச் சொல்லவும் கடன் வாங்கியவருக்கு வழி வைத்தார்கள். நடைமுறையில் அலைச்சல்தான், ஆனாலும் வழி இருக்கிறது. அந்த அளவாவது உங்கள் வலையில் வேண்டாமா?

அடுத்த மீட்டிங்கில் நீ கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். பெரிய மாற்றம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவருடைய பில்லின் ரேகை ஏறும்போதும், யாராவது அதை விசாரிக்கும்போதும் அவருக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போகட்டும். ஏ.டி.எம்.மில் ஐந்நூறு ரூபாய் எடுத்தால் செய்தி வருகிறதே, இதற்கு வராதா? ரேகை மோதினால் உடனே 'மோசடி' என்று முத்திரை குத்தாமல், குறிப்பிட்ட நாளுக்குள் கிளையிலேயே நேரில் வந்து விளக்கம் சொல்ல ஒரு வழி வைக்கட்டும். முடிவு வரும்வரை அந்த மோதல் மற்ற வங்கிகளுக்குத் தெரியக் கூடாது. ஜி.எஸ்.டி. பதிவில்லாத, வரிவிலக்குள்ள சரக்குக்கு எடைமேடைச் சீட்டு, லாரி எண், வாங்கியவரின் ஒப்புதல் இவற்றை வைத்து ரேகை எடுக்கும் வகை ஒன்று வேண்டும். உப்புக்கு மட்டுமில்லை, காய்கறிக்கும் மீனுக்கும் இதே கதைதான். வலை கலைந்தால் நகல்களை என்ன செய்வது என்பது உறுப்பினர் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இல்லாமல் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகும், கால அட்டவணை தள்ளிப்போகும் என்பார்கள். தள்ளிப்போகட்டும். நாளைக்கு உன் வலையில் ஏறப்போகிறவர்களில் யாரும் அந்த அறையில் இல்லை, நீ ஒருத்திதான் அவர்களைத் தெரிந்தவள். சின்ன வயதில் விடுமுறைக்கு வந்து அளத்து வரப்பில் ஓடிக் கால் வெடித்து அழுதவள் நீ. அந்த வரப்புக்காரர்களின் பெயர்கள் உனக்கு இன்றும் ஞாபகம் இருக்கும். கேள்வியைக் கேட்க அந்தத் தகுதி போதும்.

கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று யோசிக்காதே. லிமிட்டைத் தாண்டிக் கொடுக்கச் சொன்ன மேலதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டே நான் ரிடையர் ஆனேன். எழுத்தில் கேள். பதிலையும் எழுத்தில் வாங்கு.

மற்றபடி, அண்ணனுக்கு சுகர் எவ்வளவு இருக்கிறது என்று உண்மையைச் சொல்லச் சொல். அண்ணியிடம் ஊறுகாய்க்குக் கல் உப்பு ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறேன் என்று சொல், யாராவது கார் வந்தால் அனுப்புகிறேன். சித்திரையில் நீ வரும்போது லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு வா. உன் மாமாவும் பக்கத்து அளத்துக்காரர்கள் நாலு பேரும் உட்காரட்டும். அவர்களுடைய பில் உன் வலையில் எப்படிப் போகும் என்று அவர்களுக்கே காட்டு. அவர்கள் கேட்கிற கேள்விக்கு உன்னால் பதில் சொல்ல முடிந்தால், உன் கோப்பில் 'தகவல் பத்திரம்' என்ற அந்த மூன்றாவது வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பதில் போடு. கட்டைவிரல் படம் வேண்டாம்.

அன்புடன்,
அத்தை